சட்டை கட்டிய கம்பம்

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கூடியிருந்த அறுநூறு எழுநூறு பேரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெர்சிதா மட்டும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை எட்டு மணியிலிருந்து அவளுக்கு அதுதான் வேலை. கழுத்து வலித்தது, காற்று கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது. பக்கத்தில் நின்ற பல் டாக்டரின் மனைவி இரண்டு தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள், பதில் வராததால் முகத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனாள். பெர்சிதாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. அடிவயிற்றில் ஒரு பயம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

அவள் பயந்தாங்கொள்ளி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செர்பியாவில், டான்யூப் ஆற்றங்கரையில் இருந்த வெர்பித்சா கப்பல் தளத்தில் பத்தொன்பது வயதில் வேலை கேட்டுப் போனவள். சமையலறையிலும் குமாஸ்தா அறையிலும் இடமிருக்கிறது என்றார்கள். வெல்டிங் வேண்டும் என்றாள். பொம்பளைக்கு முடி பொசுங்கிவிடும் என்று ஃபோர்மன் சிரித்தார். மறுநாள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடம், ஜனவரிக் குளிரில் கப்பலின் வயிற்றுக்குள் மல்லாந்து படுத்து இரும்பைப் பற்றவைத்தாள். நெருப்புக்கும் பயப்படவில்லை, உயரத்துக்கும் பயப்படவில்லை, ஃபோர்மனுக்கு நிச்சயமாகப் பயப்படவில்லை.

அங்கே ஒவ்வொரு வெல்டருக்கும் ஓர் எண் உண்டு. பற்றவைத்து முடித்து, தனக்கே திருப்தியான பிறகு, அந்த எண்ணை இணைப்பின் ஓரத்தில் இரும்பிலேயே அடித்துப் பதிக்க வேண்டும். முப்பது வருடம் கழித்து அந்தக் கப்பல் எந்த ஆற்றில் பிளந்தாலும் யார் கை வேலை என்று இரும்பே காட்டிக்கொடுத்துவிடும். பெர்சிதாவின் எண் நாற்பத்தொன்று. அவள் புருஷன் மிலுத்தினுடையது முப்பத்தெட்டு. அவர்கள் பழகியதே ஒரே கப்பல் தகட்டின் இரண்டு பக்கமும் நின்று தட்டிக்கொண்டுதான். தளத்தை இழுத்து மூடிய பிறகு அவள் வீட்டுக் கொட்டகையில் கேட், வேலி, கல்லறைக் கம்பிகள் என்று எதையாவது செய்துகொண்டிருந்தாள். கூப்பிட்டவர்கள் எல்லோரும் அவளை மேஸ்திரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலி கட்டினாலும் எண்ணை அடித்துவிடுவாள். பழக்கம் போகவில்லை.

ரக்பி லீக்கைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். ஒருவன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவான், எதிரணிக்காரர்கள் அவனைப் பிடித்துத் தரையில் அறைவார்கள், ஆறு தடவை பிடிபட்டால் பந்து கை மாறும். கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்தாலும் புள்ளி, இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்தாலும் புள்ளி. டயர் கடை விதோயே பதினோரு வருடத்துக்கு முன் இந்த ஆட்டத்தை ஊருக்குக் கொண்டுவந்தபோது, வேலைவெட்டி இல்லாதவன் சண்டை என்று சொன்னவர்களில் பெர்சிதாவும் ஒருத்தி.

இந்த வருடம் அதே விதோயே நான்கு நாட்டு அணிகளை வெர்பித்சாவுக்கு வரவழைத்துவிட்டான். செர்பியா, கிரீஸ், பல்கேரியா, போஸ்னியா. சனிக்கிழமை இரண்டு ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் இடத்துக்கு ஒன்று, பிறகு இறுதி ஆட்டம். வெளிநாட்டு சம்மேளனத்திலிருந்து ஒரு ஆள் வந்து மைதானத்தைப் பார்ப்பார், பிடித்துப்போனால் அடுத்த வருடத் தகுதிச் சுற்றே இங்கேதான் என்று விதோயே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். ஒரே ஒரு குறை, மைதானத்தில் கால்பந்து கோல்தான் இருந்தது. உயரமான கம்பங்கள் நாலு வேண்டும். எண்ணெய்க் கிணற்றில் துளை போட்ட பழைய குழாய்களை எங்கிருந்தோ லாரியில் கொண்டுவந்து பெர்சிதாவின் வாசலில் இறக்கினான். இந்தப் பாநாத் வட்டாரத்தில் வேலியிலிருந்து திராட்சைப் பந்தல் வரைக்கும் எல்லாம் அந்தக் குழாய்தான்.

கீழே நாலு மீட்டர் தடித்த குழாய், மேலே நாலு மீட்டர் மெல்லிய குழாய், நடுவில் ஓர் இணைப்பு. நாலு கம்பம், நாலு இணைப்பு. இந்தக் குழாயின் இரும்பு முரட்டு இரும்பு. அதைப் பற்றவைக்கிற வெல்டிங் ராடுகளில் துளி ஈரம் இருக்கக் கூடாது. மூன்று மணி நேரம் முழுச் சூட்டில் வாட்ட வேண்டும். தளத்தில் அதற்கென்றே தனி அடுப்பு இருந்தது. வீட்டில் இருந்தது சமையலறை ஓவன்.

அந்த ஓவனுக்கு இன்னொரு சொந்தக்காரி உண்டு. மிலுத்தினின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாத ரதோய்கா. பெர்சிதாவைவிட ஒன்பது வயது மூத்தவள். தம்பி செத்த பிறகும் அதே வீட்டில் மாடியில் இருந்துகொண்டு, தம்பி பெண்டாட்டியை ஒருநாளும் விடாமல் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அக்டோபர் என்றால் வெர்பித்சாவில் எல்லா வீட்டிலும் மிளகாய் வாசனைதான். சிவப்புக் குடமிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, பெரிய பானையில் விடியற்காலையிலிருந்து கிளறிக்கொண்டே இருந்து, குளிர்காலத்துக்கு அய்வார் போட்டு ஜாடிகளில் அடைப்பார்கள். அந்த வாரத்தில் ஓவனில் இரும்பு வைப்பவளைப் பைத்தியம் என்பார்கள். பெர்சிதா வைத்தாள்.

மூன்று இணைப்புகளைப் புதன்கிழமைக்குள் முடித்துவிட்டாள். நாலாவதை வியாழக்கிழமை நண்பகலில் முடித்தாள். ஓவனைத் திறந்து ராடுகளை எடுத்தபோது கை தாங்காத சூடு. வெளியிலிருந்து பார்க்க இணைப்பு மீன் செதில் மாதிரி வரிசையாக அமைந்திருந்தது. திருப்தியாக நாற்பத்தொன்றை அடித்தாள். சாயங்காலமே டிராக்டர் கிரேன் வைத்து நாலையும் நட்டுவிட்டார்கள். வீட்டுக்குக் கூரை ஏற்றினால் உச்சியில் மேஸ்திரிக்குச் சட்டை கட்டுவது வழக்கம் இல்லையா, ஆட்டக்காரர்கள் அதே மாதிரி கடைசியாக முடித்த கம்பத்தின் உச்சியில் ஒரு புது வெள்ளைச் சட்டையைக் கட்டிவிட்டார்கள். ஆட்டம் முடிந்து இறக்கித் தருகிறோம் அத்தை என்றார்கள். பெர்சிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தளத்தை விட்டு வந்த பிறகு அவளுக்கு யாரும் சட்டை கட்டியதில்லை.

சனிக்கிழமை ஆட்டங்கள் நன்றாக நடந்தன. செர்பியா பல்கேரியாவை ஜெயித்தது, கிரீஸ் போஸ்னியாவை ஜெயித்தது. சாயங்காலம் வீடு திரும்பி, கொட்டகையில் ராடு டப்பாவை எடுத்து வைக்கும்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். மிச்சமிருந்த நாலு ராடில் ஒன்றின் மேல் ஒரு மிளகாய் விதை ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். வரவில்லை, வெந்து ஒட்டியிருந்தது.

ராடைக் கையில் பிடித்தபடியே சமையலறைக்குப் போனாள்.

“அண்ணி, வியாழக்கிழமை ஓவனைத் திறந்தீங்களா?”

“திறக்காம? முப்பது கிலோ மிளகாய் தோல் சுருங்கிக் கெடக்கு, இவ இரும்புக் குச்சிய வச்சுக் காவல் காக்கறா. விடியக்காலையிலயே எடுத்து அலமாரில வச்சேன். பதினொரு மணிக்கு மிளகாய எடுத்துட்டுத் திரும்ப உள்ள வச்சுட்டேனே. சூடாத்தானே இருந்துச்சு உனக்கு?”

“எந்த அலமாரி?”

“அடுப்புக்கு மேல. ஏன், அதுக்கு ஜலதோஷம் புடிச்சுக்கிச்சா?”

அடுப்புக்கு மேல். ஆறு மணி நேரம் அய்வார் பானையின் ஆவி நேராக அந்த அலமாரியில்தான் மோதியிருக்கும். ராடுகள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருக்கும். கடைசி ஒரு மணி நேரச் சூடு மேல் தோலைத்தான் காயவைத்திருக்கும். அந்த ஈரம் இரும்புக்குள் போனால் உடனே ஒன்றும் செய்யாது. வெளியே செதில் செதிலாக அழகு காட்டும். ஒருநாள் கழித்து, இரண்டு நாள் கழித்து, உள்ளேயிருந்து விரிசல் விட ஆரம்பிக்கும். பெர்சிதா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ரதோய்காவுக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. என்ன ஆகும் என்று கேட்டாள். ஒன்றும் ஆகாமல் போகலாம், மேல் குழாய் முறிந்து கீழே நிற்பவன் தலையில் விழவும் விழலாம் என்று பெர்சிதா சொன்னாள். ரதோய்கா கொஞ்ச நேரம் கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“ரெண்டு நாள் நின்னுச்சுல்ல, நாளைக்கு ஒருநாள் நிக்காதா? நாப்பது வருஷப் பேருடி உனக்கு. யார்கிட்டயும் மூச்சு விடாதே. திங்கட்கிழமை சத்தமில்லாம போயி சரி பண்ணிடு.”

திங்கட்கிழமை. அந்தச் சொல்லைப் பெர்சிதா ஏற்கெனவே ஒருதரம் கேட்டிருக்கிறாள்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மிலுத்தின் ஒரு தகட்டில், கிரேன் கொக்கி மாட்டுகிற காது ஒன்றைப் பற்றவைத்தான். சங்கு ஊதிவிட்டது, அவசரம். சரியாக வரவில்லை என்று அவனுக்கே தெரியும். அதனால் எண்ணை அடிக்கவில்லை. திங்கட்கிழமை வந்து வெட்டி எடுத்துவிட்டுத் திரும்பப் பற்றவைக்கலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டான். சனிக்கிழமை ஓவர்டைம் ஆட்கள் அந்தத் தகட்டைத் தூக்கினார்கள். கீழே போரிவோய் என்று ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். இரண்டு பெண் குழந்தைகளின் அப்பன். எண் இல்லாததால் யார் வேலை என்று கடைசி வரை தளத்துக்குத் தெரியவில்லை. தெரிந்தது மிலுத்தினுக்கும் பெர்சிதாவுக்கும் மட்டும். அவன் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றுதான் கிளம்பினான். வேண்டாம், போனவன் திரும்பி வரப் போவதில்லை என்று கதவை மறித்து நின்றவள் பெர்சிதா. அதற்கப்புறம் அவன் பதினோரு வருடம் உயிரோடு இருந்தான். குடித்தான். கல்லீரல் கெட்டுப் போனான். தம்பியைக் குடிகாரனாக்கியது இவள்தான் என்று ரதோய்கா இன்றுவரை சொல்கிறாள். பெர்சிதா ஒருநாளும் மறுத்ததில்லை.

மிளகாய் விதையைப் பார்த்த அன்று ராத்திரி கோஷாவா கிளம்பிவிட்டது. தென்கிழக்கிலிருந்து வருகிற அந்தக் காற்று மூன்று நாள் அடிக்கும், இல்லாவிட்டால் ஏழு, அதுவும் இல்லாவிட்டால் இருபத்தொன்று. ஓடுகள் தடதடத்தன. பெர்சிதா கண் மூடவில்லை.

காலை எட்டு மணிக்குக் கோட் பையில் ஒரு ஸ்பேனரைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். விதோயே கோடுகளுக்குச் சுண்ணாம்பு தூவிக்கொண்டிருந்தான், தூவத் தூவக் காற்று வாரிக்கொண்டு போனது. அவனை இழுத்துப் போய்க் கம்பங்களின் அடியில் சுற்றியிருந்த மெத்தையை ஒதுக்கி, ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினாள். மூன்று கம்பங்கள் மணி மாதிரி ஒலித்தன. சட்டை கட்டிய கம்பம் ஒலித்துப் பாதியில் விழுங்கிக்கொண்டது. அவளுக்கு அப்படித்தான் கேட்டது.

“எனக்கு நாலும் ஒண்ணாத்தான் கேக்குதுக்கா. கோஷாவா அடிச்சா எல்லாருக்கும் மண்டைக்குள்ள ஏதாவது சத்தம் கேக்கும்.” பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினான். “விழும்னு சத்தியம் பண்ணுவீங்களா?”

சத்தியம் பண்ண முடியாது. ஏறிப் பார்க்காமல் யாராலும் முடியாது. சம்மேளனத்து ஆள் பத்து மணிக்கு வருகிறார், கம்பத்தைக் கழற்றினால் ஆட்டமே இல்லை, நாலு நாட்டுக்காரர்களும் பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார்கள், பதினோரு வருட உழைப்பு மண்ணாகிவிடும் என்று விதோயே கெஞ்சினான். திங்கட்கிழமை விடிந்ததும் நானே ஏணியோடு வருகிறேன் என்றான். அவனும் திங்கட்கிழமை என்றான்.

பெர்சிதா வாயை மூடிக்கொண்டாள். இதைப் பூசி மெழுக முடியாது. விழும் என்று தெரியாது, ஆனால் விழாது என்றும் தெரியாது. அப்படியிருந்தும் அவள் சரி என்று தலையாட்டினாள். சபையில் நின்று, நாற்பத்தொன்றாம் எண் தப்பு செய்துவிட்டது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. பயம் இரண்டு பக்கமும் இருந்தது. ஒன்று ஒரு ஆள் செத்துப்போவான் என்ற பயம். இன்னொன்று மானம் போய்விடும் என்ற பயம். காலையில் இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது என்பது வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் போஸ்னியாக்காரன் ஒருவன் பந்தோடு வந்த வேகத்தில் அந்தக் கம்பத்தின் மெத்தையிலேயே தோளை மோதினான். உச்சியில் சட்டை ஒரு துள்ளு துள்ளியது. பெர்சிதா எல்லைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. அவன் எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடினான். பெர்சிதா மூச்சை விட்டாள். விட்ட மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் பயம் திரும்பி வந்துவிட்டது.

இறுதி ஆட்டம் செர்பியாவுக்கும் கிரீஸுக்கும். முடிய ஏழு நிமிடம் இருக்கும்போது இரண்டு பக்கமும் பதினாறு புள்ளி. அப்போது கிரேக்கர்கள் ஒரு தப்பு செய்தார்கள். நேர் எதிரே, இருபது மீட்டர் தூரத்தில், செர்பியாவுக்கு அபராத உதை கிடைத்தது. உதைக்கப் போவது வெர்பித்சாவின் சொந்தப் பிள்ளை, ரொட்டிக் கடை உக்லேஷா. ஊரே எழுந்து நின்றது. உக்லேஷா குனிந்து பந்தை அதன் சின்ன முக்காலியில் நிறுத்தினான், காற்று சாய்த்தது, மறுபடி நிறுத்தினான். பதின்மூன்று கிரேக்கர்களும் கோட்டின் மேல், இரண்டு கம்பங்களையும் இணைத்த குறுக்குக் குழாய்க்கு அடியில் போய், இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

ஒரு பெரிய காற்று வீசியது. நாலு கம்பமும் லேசாகச் சாய்ந்தன. மூன்று நிமிர்ந்தன. சட்டை கட்டியது நிமிரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, பிறகு நிமிர்ந்தது.

பெர்சிதா கயிற்றுக்கு அடியில் குனிந்து மைதானத்துக்குள் நுழைந்துவிட்டாள். ஓடவில்லை. ஐம்பத்தொன்பது வயதில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு எப்படி ஓடுவது, நடந்தாள். கூட்டம் முதலில் சிரித்தது. எட்டாம் நம்பர் சட்டை காலியாயிருக்கு, போட்டுக்கிட்டு எறங்கு கெழவி என்று யாரோ கத்தினார்கள். பிறகு ஊளையிட்டார்கள். அதற்கு நடுவே, பெர்சா, வாடி இந்தப் பக்கம் என்று ரதோய்காவின் குரல் கிறீச்சிட்டது.

உக்லேஷா அழாத குறையாகக் கையெடுத்துக் கும்பிட்டான்.

“அத்தே, ஒரே ஒரு உதை. உதைச்சு முடிச்சுக்கறேன். அப்புறம் என்ன வேணா பண்ணுங்க.”

“கீழ ஆளுங்க நிக்கறாங்கடா.”

“அவங்க கிரேக்கங்க அத்தே.”

அவன் கெட்டவன் இல்லை. அந்த நேரத்தில் அவனுக்குக் கம்பமும் பந்தும் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. பெர்சிதா அவனைத் தாண்டிப் போனாள். கிரேக்கர்களில் ஒரு வழுக்கைத் தலையன், இவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்து, சிநேகமாகச் சிரித்துக் கையசைத்தான். அவன் நின்றது சரியாக அந்தக் கம்பத்தின் அடியில்.

நடுவர் இத்தாலிக்காரர். அவளுடைய மொழி அவருக்குத் தெரியாது, அவருடையது அவளுக்குத் தெரியாது. கோபமாக வெளியே கை காட்டினார். பெர்சிதா அந்தக் கையையே பிடித்துக்கொண்டாள். இழுத்துப் போய் மெத்தையை ஒதுக்கி, அவர் உள்ளங்கையைக் கம்பத்தின் மேல் வைத்து, தன் கையால் அழுத்திக்கொண்டாள். அடுத்த காற்றுக்குக் காத்திருந்தார்கள். அவள் வாழ்க்கையிலேயே நீளமான காத்திருப்பு அதுதான். வரவில்லை என்றால்? சும்மா பயந்திருந்தால்?

வந்தது. குழாய்க்குள் எலி பல்லைக் கடித்த மாதிரி ஒரு சின்ன ‘டிக்’. கையில்தான் தெரிந்தது, காதுக்குக் கேட்கவில்லை. நடுவரின் முகம் வெளுத்தது. விசிலை மூன்று முறை ஊதி, கிரேக்கர்களை நெஞ்சில் தள்ளித் தள்ளி விலக்கினார்.

மைதான வாசலில் தீயணைப்பு வண்டி நின்றிருந்தது. தீ எதுவும் இல்லை. செர்பிய அணியில் ஆடிய ரெல்யா தீயணைப்புக்காரன், அவன் ஆடுவதைப் பார்க்க அவனோடு வேலை செய்பவர்கள் வண்டியோடு வந்திருந்தார்கள். அதன் ஏணியைப் பக்கவாட்டில் நீட்டி, சேறு படிந்த சட்டையோடு ரெல்யாவே ஏறினான். இணைப்புக்கு மேலே கயிறு கட்டினான், ஒரு தடவை உற்றுப் பார்த்தான், வேகமாக இறங்கிவிட்டான். தூரத்தில் நின்று இரண்டு அணிக்காரர்களும் கயிற்றைப் பிடித்தார்கள். இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கயிறு விறைத்ததும் மேல் குழாய் கனிந்த மிளகாயின் காம்பு மாதிரி கழன்றுகொண்டு, கோட்டின் மேல் விழுந்து, புல்லை ஒரு சாண் ஆழத்துக்குக் கிழித்தது. வெள்ளைச் சட்டை சேற்றில் கிடந்தது.

வழுக்கைத் தலையன் தான் நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தான், தலையைத் தடவிக்கொண்டான், பிறகு அங்கேயே மண்டியிட்டுவிட்டான். பெர்சிதாவுக்கு ஜெயித்த மாதிரி ஒன்றும் இல்லை. புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

சம்மேளனத்து ஆள் வந்தார். யார் செய்த கம்பம் என்று விதோயேயிடம் கேட்டார். அது பழைய எண்ணெய்க் குழாய், குழாயில்தான் கோளாறு என்று விதோயே ஆரம்பித்தான். நல்ல மனசோடுதான் சொன்னான். பக்கத்தில் ரதோய்கா வந்து நின்றிருந்தாள், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, எப்போது தன் பெயர் வரும் என்று. பெர்சிதா எழுந்து, முறிந்த முனையைப் புரட்டி, இரும்பில் இருந்ததைக் காட்டினாள்.

“குழாய் மேல தப்பில்ல. நாப்பத்தொண்ணு. இது என் நம்பர். ராடு ஈரமா இருந்துச்சு, நான் பாக்கல. காலையிலயே சந்தேகம் வந்துச்சு, அதையும் சொல்லாம நின்னேன்.”

வேறு யார் பெயரையும் அவள் சொல்லவில்லை.

ஆட்டம் அதோடு சரி. சமம் என்று அறிவித்தார்கள். கோப்பையை இரண்டு தலைவர்களும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கினார்கள். தகுதிச் சுற்று வேறு ஊருக்குப் போய்விட்டது. உக்லேஷா அதற்கப்புறம் நாலு மாதம் அவளுக்கு ரொட்டி எடுத்துக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. காப்பாற்றிவிட்டாள் என்றவர்கள் சிலர். ஜெயிக்கிற ஆட்டத்தைக் கெடுத்துவிட்டாள் என்றவர்கள் பலர். ரெல்யா சட்டையைக் கொண்டுவந்து நீட்டியபோது பெர்சிதா வாங்கிக்கொள்ளவில்லை, கம்பம் நின்றால்தான் சட்டை என்றாள். ரதோய்கா அவன் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். ரதோய்கா மூடி போட்டு அடுக்கிய அய்வார் ஜாடிகளை மறுபடி எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என் பேர ஏன் சொல்லல?”

“தொட்டுப் பாத்து சூடா இருக்குன்னு நம்பினது நான். நம்பர் அடிச்சதும் நான்.”

“விழாமக்கூட இருந்திருக்கலாம். எவனுக்கும் தெரியாம போயிருக்கும்.” ரதோய்கா ஜாடியைக் கீழே வைத்தாள். “எதுக்குடி அப்படிப் பயந்தே? நேத்துலேர்ந்து உன் மூஞ்சியப் பாக்க முடியல. பிசாசப் பாத்த மாதிரி.”

பெர்சிதா சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தாள். இருபத்திரண்டு வருடம் சொல்லாமல் இருந்தவள். ஆனால் அன்று ஒருதரம் சபையில் வாய் திறந்துவிட்டது, அதை மூட முடியவில்லை.

“மிலுத்தினும் ஒரு திங்கட்கிழமைய நம்பினாரு அண்ணி. போரிவோய் மேல விழுந்த தகடு, அந்தக் காது அவர் பத்த வச்சது. போய்ச் சொல்றேன்னு செருப்ப மாட்டினாரு. நான்தான் கதவுல நின்னு மறிச்சேன். அதுக்கப்புறம் குடிச்சாரு. நீங்க சொன்னது சரிதான், நான்தான் காரணம். நீங்க நெனச்ச காரணம் இல்ல.”

ரதோய்கா திட்டுவாள், அழுவாள், மாடிக்குப் போய்க் கதவை அறைந்து சாத்துவாள் என்று பெர்சிதா காத்திருந்தாள். எதுவும் செய்யவில்லை. வெளியே காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது. தம்பி எந்தச் செருப்பை மாட்டினான் என்று மட்டும் கேட்டாள். பழுப்பு நிறத்தது என்று பெர்சிதா சொன்னாள். ரதோய்கா தலையை ஆட்டிக்கொண்டு, படிகளில் மெதுவாக ஏறிப் போய்விட்டாள்.

காலையில் பெர்சிதா எழுந்து சமையலறைக்கு வந்தபோது ஏழு மணி. அய்வார் பானை கழுவி முற்றத்தில் கவிழ்க்கப்பட்டிருந்தது. அடுப்புக்கு மேல் இருந்த அலமாரி காலியாக இருந்தது, அடுப்புக் கம்பியில் துவைத்த வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஓவன் முழுச் சூட்டில் எரிந்தது. அதன் கதவுக்கு எதிரே முக்காலி போட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ரதோய்கா உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. கொட்டகையிலிருந்து புதுக் கட்டு ராடுகளைத் தானே எடுத்துவந்து உள்ளே வைத்திருந்தாள்.

பெர்சிதா ஓவனின் கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினாள்.

“தொடாதே,” என்றாள் ரதோய்கா. “மூணு மணி நேரம்னு சொன்னே. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.”

பெர்சிதா இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.